சாமியிடம் சொன்னால் மனசு ஆறும்: முதியவர்கள் ஏன் குருமாரைத் தேடுகிறார்கள்?

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் கத்தோலிக்கப் பங்குகளில் ஒரு வழக்கம் உண்டு. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, கோயிலுக்கு வர முடியாத முதியவர்களின் வீடுகளுக்குப் பங்குத்தந்தை, அதாவது அந்த ஊர்ச் சபையின் குரு, திருப்பலியில் தரும் அப்பமான நற்கருணையைக் கொண்டுபோவார். குருவுக்குத் துணையாக வேதம் சொல்லித்தரும் உபதேசியாரோ, சிஸ்டர் என்று கூப்பிடும் கன்னியாஸ்திரீ ஒருவரோ கூட வருவார்கள். வீட்டில் சின்ன மேசையில் வெள்ளைத் துணி விரித்து மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருப்பார்கள். செபம் சீக்கிரமே முடிந்துவிடும். பேச்சு அதற்கப்புறம்தான் தொடங்கும். மருமகள் காபி போட அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து, கட்டிலில் சாய்ந்திருக்கும் பாட்டி மெதுவாகச் சொல்வார்: "ராத்திரி பூரா தூக்கமே வர மாட்டேங்கு சாமி. ஒரே யோசனையா இருக்கு. ஆண்டவர் என்னைய எப்பதான் எடுத்துக்கிடுவாரோ."

இதே மூன்று வாக்கியங்களை ஒரு மனநல மருத்துவர் கேட்டிருந்தால் உடனே அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். தூக்கம் கெட்டிருக்கிறது, யோசனை ஓயவில்லை, சாவைப் பற்றிய பேச்சு வருகிறது. முதுமையில் வரும் மனச்சோர்வு நோய் பல நேரம் இப்படித்தான் தலைகாட்டும். ஆனால் அந்தப் பாட்டி மனநல மருத்துவரைப் பார்க்கப் போவதில்லை. அப்படி ஒருவரைப் பார்க்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது. அவர் சொன்னது வீடு தேடி வந்த சாமியாரிடம். கேட்டவர் அடுத்து என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் பாட்டியின் வரும் மாதங்கள் அமையும். இதை நம் ஊரில் யாரும் பெரிதாக எடுத்துப் பேசுவதில்லை. மருத்துவத் துறை இதை ஆன்மிக விஷயம் என்று விட்டுவிடுகிறது. சபைகளோ இதை வழக்கமான வீடு சந்திப்பாக மட்டும் பார்க்கின்றன.

எத்தனை பேர் இப்படி இருப்பார்கள்? இந்தியாவில் முதுமையைப் பற்றி நடந்த மிகப் பெரிய கணக்கெடுப்பு 'லாசி'. 2017-18இல் அதன் முதல் சுற்றில் 45 வயதைத் தாண்டியவர்களும் அவர்களின் துணைவர்களுமாக 72,000க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தார்கள். அவர்களில் 60 வயதைக் கடந்தவர்களிடம் அறிகுறிகளைக் கேட்டுக் கணித்தபோது, 8.3 சதவீதம் பேருக்குப் பெரும் மனச்சோர்வு இருக்கக்கூடும் என்று தெரிந்தது. "எனக்கு மனச்சோர்வு என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்" என்றவர்கள் 0.8 சதவீதம்தான். பத்துப் பேருக்கு இருந்தால் ஒருவருக்குத்தான் அது நோய் என்றே தெரிந்திருக்கிறது. 2015-16 தேசிய மனநல ஆய்வும் இதே கதையைத்தான் சொன்னது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான மனநோய்கள் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் சிகிச்சைக்கே வந்திருக்கவில்லை. நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, முக்கால் ஆள்தான். அவர்களிலும் பெரும்பாலோர் நகரங்களில் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் முதியவர்கள் வேகமாகக் கூடிவருகிறார்கள். 2021 மதிப்பீட்டின்படி மக்கள்தொகையில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். இந்த வரிசையில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். பெரும்பாலான வீடுகளில் ஒன்றிரண்டு பிள்ளைகளோடு சரி. அவர்களும் சென்னை, பெங்களூரு, துபாய், தோகா என்று போய்விடுகிறார்கள். ராத்திரி வீடியோ காலில் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டால் "சாப்பிட்டேன்யா, நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். தூரத்தில் இருக்கிற பிள்ளையைக் கவலைப்பட வைத்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம். அந்தப் பிள்ளையிடம் சொல்லாததுதான் வெள்ளிக்கிழமை சாமியாரிடம் வந்து சேர்கிறது.

அமெரிக்காவில் எண்ணிப் பார்த்தபோது

இது நம் ஊருக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை. அமெரிக்காவில் 1957இல் நாடு தழுவிய ஓர் ஆய்வு நடந்தது. சொந்தப் பிரச்சினைக்கு உதவி தேடிப் போனவர்களில் 42 சதவீதம் பேர் போனது மதகுருவிடம். மருத்துவரிடம் போனவர்கள் அதைவிடக் குறைவு. பிற்காலத்தில் இந்த அளவு இறங்கியது. 1990களின் தொடக்கத்தில் திரட்டிய தரவுகளை வைத்து 2003இல் வெளிவந்த ஆய்வில், மனநோய்க்கு எப்போதாவது உதவி தேடியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் குருமாரிடம் போயிருந்தார். மனநல மருத்துவமும் காப்பீடும் அவ்வளவு வளர்ந்த நாட்டிலேயே இந்த நிலை.

அந்த ஆய்வில் கவலை தரும் சங்கதிகள் இரண்டு உண்டு. குருமாரிடம் போனவர்களில் கிட்டத்தட்ட கால்வாசிப் பேருக்கு மிகக் கடுமையான மனநோய் இருந்தது. அப்படியிருந்தும், குருமாரைத் தேடிப் போனவர்களில் பெரும்பாலோர் வேறு எந்த மருத்துவரையும் பார்க்கவில்லை. முதலில் பார்த்தவரே கடைசியாகப் பார்த்தவராகவும் ஆகிவிட்டார். நம் ஊரில் இப்படி எண்ணிப் பார்த்தால் படம் இதைவிட நன்றாக இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

ஏன் அவரிடம்?

படிப்பறிவு இல்லாததால், மூடநம்பிக்கையால் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் இதையேதான் செய்கிறார். முதியவர்களின் நிலையிலிருந்து பார்த்தால் காரணங்கள் எல்லாமே நியாயமானவை.

முதல் காரணம், அவர் வீட்டுக்கு வருகிறார். முட்டு வலியோடு பஸ் ஏறி, ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒருவரிடம் சில நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. காசு கிடையாது. "பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போனாளாம்" என்று தெருவில் பேச்சும் வராது. சாமியார் வருவது வீட்டுக்கு மரியாதை. மருத்துவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டிய கதை இவருக்கு முன்பே தெரியும். பாட்டியின் கணவரை அடக்கம் செய்தவரே இவர்தான். மூத்த மகன் வீட்டை விட்டுப் போனபோது நடுவில் நின்று சமாதானம் பேசியவரும் இவராகவே இருக்கலாம்.

இன்னொன்று, முதுமையில் மனதைக் குடையும் பல விஷயங்களுக்கு மருத்துவமனையில் இடமே இல்லை. தங்கச்சிக்குச் சேர வேண்டிய பங்கை எழுதிக் கொடுக்காமல் விட்டது, இறந்துபோன கணவரைக் கடைசிக் காலத்தில் எரிச்சலில் திட்டியது, வேறு சாதியில் கல்யாணம் செய்தாள் என்று மகளை வீட்டுக்குள் விடாதது. எழுபது எண்பது வயதில் இவையெல்லாம் திரும்பி வரும். மருத்துவர் மாத்திரை தருவார், ஆலோசகர் "உங்களை நீங்களே மன்னியுங்கள்" என்பார். ஆனால் அந்த முதியவர் கேட்பது வேறு. தன்னைவிடப் பெரிய ஒரு இடத்திலிருந்து மன்னிப்பு வர வேண்டும். செய்த பாவத்தைக் குருவிடம் தனியாக அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் கத்தோலிக்கக் குருவால் அதைத் தர முடிகிறது. அங்கே கேட்டதை எந்தச் சூழ்நிலையிலும் வெளியே சொல்லக் கூடாது என்பது திருச்சபைச் சட்டத்தின் மிகக் கடுமையான விதிகளில் ஒன்று. மீறும் குருவை அது சபைவிலக்கே செய்கிறது. ஒரு சின்ன ஊரில், எந்த ரகசியமும் பொழுது சாய்வதற்குள் டீக்கடைக்கு வந்துவிடும் இடத்தில், அந்த உறுதி எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள்.

துக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லா மதங்களும் துக்கத்துக்கு ஒரு நாட்கணக்கு வைத்திருக்கின்றன. கத்தோலிக்கருக்கு ஏழாம் நாள், முப்பதாம் நாள் திருப்பலி, ஆண்டுதோறும் நவம்பர் 2 கல்லறைத் திருநாள். இந்துக்களுக்குப் பதினாறாம் நாள் காரியம், மாதத் திதி, தை ஆடி அமாவாசை. இஸ்லாமியக் கைம்பெண்ணுக்கு நான்கு மாதம் பத்து நாள் இத்தா என்ற காத்திருப்புக் காலம். அந்தந்த நாளில் ஆள் வரும், சாப்பாடு நடக்கும், போனவரின் பெயரைச் சொல்லி நாலு பேர் பேசுவார்கள். அந்தக் கணக்கு முடிந்த பிறகு வருவதுதான் கடினமான காலம். வீடு காலியாகிவிடும். அதற்குப் பிறகும் அந்த வீட்டுக்கு வேலையாகவே வந்துபோகிற ஒரே வெளியாள் பல நேரம் மதகுருதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஆறு மாதத்துக்கு மேலும் அன்றாட வாழ்வையே முடக்கிப் போடும் துக்கத்தைத் தனி நோயாகக் கணக்கில் எடுக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022இல் இதையே ஒரு வருடம் என்று வைத்தது. ஆக முதலாண்டுத் திருப்பலி நடக்கும் நாள் மருத்துவக் கணக்கிலும் முக்கியமான நாள். பூசை முடிந்து கல்லறையில் நிற்கும் அந்த அம்மா ஒரு வருடத்தில் கொஞ்சமாவது நகர்ந்திருக்கிறாரா, கணவர் போன அன்றைக்கு இருந்த இடத்திலேயே நிற்கிறாரா என்பதை அந்தக் குருவால் நேரிலேயே பார்த்துவிட முடியும். இரண்டு நாளும் அவர் அங்கே இருந்தவர். எந்த மருத்துவருக்கும் அந்த வாய்ப்பு கிடையாது.

இந்த ஏற்பாடு எல்லா மதத்திலும் ஒரே மாதிரி இல்லை. தென்னிந்தியத் திருச்சபையில் சில ஊர்ச் சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம்; அதன் குருவானவரை நெல்லைப் பக்கம் ஐயர் என்பார்கள். பெண்கள் பெரும்பாலும் அவர் மனைவியான ஐயரம்மாவிடம்தான் மனம் விட்டுப் பேசுவார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் பாஸ்டர் வீட்டு ஜெபத்துக்கு வருவார், உபவாச ஜெபத்தில் சபையார் எல்லோரும் பெயர் சொல்லி ஜெபிப்பார்கள். பள்ளிவாசலில் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அந்தி நேர மஃரிப் தொழுகை வரை உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு, தொழுகை நடத்தும் ஹஜ்ரத் பேச்சுத் துணை. பல பள்ளிவாசல்களில் பெண்களுக்கு இடம் இல்லாததால் வயதான பெண்கள் தர்காவுக்குப் போகிறார்கள். கோயில் குருக்களின் வேலை சுவாமிக்குச் செய்வது. வீடு வீடாகப் போய்க் குறை கேட்பது அவர் கடமையில் சேராது. அதனால் இந்து முதியவர்கள் ஜோசியரையும், குறி சொல்பவரையும், குலதெய்வக் கோயில் பூசாரியையும் தேடுகிறார்கள். "சனி விலகினா சரியாயிடும், இன்னும் எட்டு மாசம்தான்" என்ற சொல் ஒரு கெடு வைக்கிறது. துன்பத்துக்கு முடிவுதேதி கிடைத்தாலே கொஞ்சம் மூச்சு வரும்.

எங்கே தவறிப்போகிறது

மதகுருவிடம் போவதில் தப்பு எதுவும் இல்லை. கேட்டவருக்கு நோயை அடையாளம் தெரியாமல் போனால்தான் ஆபத்து.

அடிக்கடி நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். 78 வயதுத் தாத்தா நேற்று வரை நன்றாக இருந்தார். இன்று சாயங்காலம் திடீரென்று செத்துப்போன அண்ணன் வாசலில் நிற்கிறான் என்கிறார், மகளை யாரோ என்கிறார், வேட்டியைப் பிய்க்கிறார், ராத்திரியெல்லாம் கத்துகிறார். வீட்டார் பயந்துபோய் ஜெபிக்கக் கூப்பிடுகிறார்கள், இல்லையென்றால் மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள். வயதானவர்களுக்கு ஒன்றிரண்டு நாளுக்குள் இப்படிப் புத்தி தடுமாறினால் அதற்குப் பெரும்பாலும் உடலில்தான் காரணம் இருக்கும். சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் இறங்கியது, சர்க்கரை இறங்கியது, நிமோனியா, புதிதாகச் சேர்த்த மாத்திரை, மூத்திரம் அடைத்துக்கொண்டது, விழுந்ததில் தலைக்குள் ரத்தக்கசிவு. இது அவசர நோய். உடனே சரியான சிகிச்சை கிடைத்தால் பலர் பழையபடி ஆகிவிடுவார்கள். மூன்று நாள் ஜெபத்திலோ தாயத்திலோ போய்விட்டால் ஆளையே இழக்க வேண்டி வரலாம். "முதல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க, நான் அங்கயே வந்து ஜெபிக்கிறேன்" என்று சொல்லத் தெரிந்த ஒரு பாஸ்டர் ஓர் உயிரைக் காப்பாற்றுகிறார்.

அடுத்தது, சோர்வை விசுவாசக் குறைவு என்று சொல்லிவிடுவது. மனச்சோர்வு உள்ளவருக்கு ஏற்கெனவே தான் ஒன்றுக்கும் உதவாதவர் என்ற எண்ணம் இருக்கும். செபமாலையைக் கையில் எடுத்தால் மனம் ஒட்டாது, பைபிள் வாசித்தால் வரி ஏறாது. அதுவே நோயின் அறிகுறி. அவரிடம் "இன்னும் அதிகமா ஜெபிங்க" என்றால், ஜெபிக்க முடியாததும் ஒரு பாவமாகச் சேர்ந்துகொள்ளும். ஒரே பாவத்தை வாராவாரம் வந்து அறிக்கையிடுகிறார், மன்னிப்புக் கிடைத்தும் நிம்மதி இல்லை, "என்னை ஆண்டவர் மன்னிக்கவே மாட்டார்" என்று உறுதியாக நம்புகிறார் என்றால் அது சாதாரணக் குற்ற உணர்வைத் தாண்டிவிட்டது. முதுமையில் வரும் கடும் மனச்சோர்வில் இப்படிப்பட்ட அசையாத நம்பிக்கைகள் வருவது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அதற்கு வலுவான சிகிச்சைகளும் இருக்கின்றன. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, மாத்திரையை நிறுத்தச் சொல்வது. "கர்த்தர் சுகம் தந்துட்டார், இனி எதுக்கு மருந்து?" என்ற ஒரு வார்த்தை போதும், மறுநாள் மாத்திரை குப்பைக்குப் போய்விடும். இதை மட்டும் எந்த மதகுருவும் எந்தக் காரணத்துக்காகவும் சொல்லக் கூடாது என்பேன். மனச்சோர்வு மருந்து பலன் காட்டவே சில வாரங்கள் எடுக்கும். முதல் வாரத்தில் வயிற்றைப் பிரட்டும், தலை கனக்கும், பலன் எதுவும் தெரியாது. முதியவர்கள் அப்போதுதான் விட்டுவிடுகிறார்கள். அந்த நேரத்தில் சாமியார் வந்து "இன்னும் மூணு வாரம் பாருங்க பாட்டி, நானும் உங்களுக்காக வேண்டிக்கிடுதேன்" என்றால், அந்தச் சொல் மருத்துவரின் சொல்லைவிட அதிக நாள் நிற்கும்.

மதத்தின் இடம் மருத்துவம் இல்லாத இடமாக மட்டும் ஆகிவிட்டால் எதுவரை போகும் என்பதை நாம் பார்த்தவர்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை ஒட்டி இயங்கிய ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017 மனநலச் சட்டம் எந்த மனநோயாளியையும் எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது.

பலன் தந்த முயற்சிகள்

ஏர்வாடிக்குப் பிறகு கோயில், தர்கா பக்கமே நோயாளிகள் போகக் கூடாது என்று ஒரு பேச்சு எழுந்தது. அது நடக்காத காரியம். குஜராத்தின் மெஹ்சாணா மாவட்டத்தில் மீரா தாதார் தர்காவில் வேறு வழி பார்த்தார்கள். தர்காவில் ஓதுகிறவர்களான முஜாவர்களுக்கு நோயை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்து, பக்கத்திலேயே மனநல மருத்துவரை உட்கார வைத்தார்கள். துவாவும் (பிரார்த்தனையும்) உண்டு, தவாவும் (மருந்தும்) உண்டு. தமிழ்நாட்டில் ஏர்வாடியிலும் அந்த முறை வந்தது. "ஹஜ்ரத்தே சொல்லிட்டார்" என்ற பிறகு மருந்து சாப்பிடத் தயக்கம் குறைந்துவிடும்.

அந்தத் தீவிபத்துக்கு அடுத்த ஆண்டு, 2002இல், பெங்களூரு ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளைப் பற்றி ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். அங்கே மருந்து கிடையாது, பெரிய சடங்குகளும் கிடையாது. சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். காலை பூசை, கோலம் போடுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கூடவே வீட்டு ஆள் ஒருவர். அவர்களின் அறிகுறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தன. சின்ன ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இல்லை, அதை வைத்துப் பெரிதாக எதையும் கட்ட முடியாது. ஆனால் மரியாதையும் ஒழுங்கான நாளும் பக்கத்தில் ஒரு மனிதரும் இருப்பது சும்மா இல்லை என்பதை அது காட்டியது.

முதியவர்களுக்கென்றே நடந்த ஒரு வேலை கோவாவில் இருக்கிறது. மனநலப் படிப்பு இல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, லேசான அறிகுறிகள் தொடங்கியிருந்த 60 வயதைக் கடந்தவர்களைச் சந்திக்க அனுப்பினார்கள். அவர்கள் செய்தது நாலு காரியம்: இருக்கும் பிரச்சினையை ஒவ்வொன்றாகப் பிரித்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்பது, தூக்கத்தை ஒழுங்குபடுத்துவது, சர்க்கரை போன்ற உடம்புத் தொல்லைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித்தருவது, பென்ஷன் போன்றவற்றை வாங்க உதவுவது. ஆய்வில் 181 பேர் இருந்தார்கள். 2019இல் முடிவு வந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் ஒரு வருடத்துக்குள் 14.4 சதவீதம் பேர் மனச்சோர்வு நோய்க்குள் போனார்கள். இப்படிச் சந்திக்கப்பட்டவர்களில் அது 4.4 சதவீதம். இந்த வேலையை ஓர் உபதேசியாரால் செய்ய முடியாதா? ஒரு சிஸ்டரால், ஐயரம்மாவால் முடியாதா? கட்டாயம் முடியும். இவர்கள் ஏற்கெனவே அந்த வீடுகளுக்குள் போய்வருகிறவர்கள். வயதான பெண்களுக்கு ஆண் குருவிடம் சொல்ல முடியாத பலதும் உண்டு. அதையெல்லாம் இத்தனை காலமும் காதில் வாங்கிவந்தவர்கள் சிஸ்டர்மார்தான். அவர்களுக்கு முறையான பயிற்சி தராமல் இருப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

லண்டனில் 1953இல் சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் குரு, தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்கள் கூப்பிடட்டும் என்று தன் கோயிலில் ஒரு தொலைபேசி வைத்தார். குருவான தானே எல்லோருக்கும் ஆலோசனை சொல்வதாகத்தான் ஏற்பாடு. கூட்டம் கூடியதும், காத்திருப்பவர்களுக்கு டீ கொடுத்துப் பேச்சுக் கொடுக்கச் சில தொண்டர்கள் வந்தார்கள். கொஞ்ச நாளில் அவர் ஒன்றைக் கவனித்தார். அந்தத் தொண்டர்களிடம் பேசிய பலருக்குத் தன்னைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. அடுத்த ஆண்டே பொறுப்பை அவர்களிடம் விட்டுவிட்டார். அதுதான் சமாரிட்டன்ஸ் அமைப்பு. உலகமெங்கும் அதே வழியில் கிளைத்த இயக்கத்தோடு சேர்ந்ததுதான் 1986இல் சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்னேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு. அறிவுரை சொல்லாமல், தீர்ப்புச் சொல்லாமல் கேட்பது என்பதே அவர்கள் முறை. பிரசங்கம் செய்து பழகியவர்களுக்கு இது கொஞ்சம் சிரமம்தான்.

கேட்பவர் என்ன கேட்கலாம்

உலகம் முழுக்க ஆரம்பச் சுகாதார நிலையங்களில் இரண்டே கேள்விகளை வைத்து மனச்சோர்வை முதற்கட்டமாகச் சல்லடை போடுகிறார்கள். கடந்த இரண்டு வாரத்தில், வழக்கமாகப் பிடித்த காரியங்களில் ஆர்வம் இல்லாமல் போனது உண்டா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்தது உண்டா? இதை அப்படியே நம் பேச்சில் கேட்கலாம்: "முன்ன மாதிரி பேரன் பேத்தி வந்தா சந்தோசமா இருக்கா பாட்டி? டிவி பாக்கத் தோணுதா? மனசு எப்படி இருக்கு, தெனமும் இப்படித்தானா?" இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாள் இப்படித்தான் என்று பதில் வந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். முதலில் போக வேண்டியது பொதுமருத்துவரிடமாகவே இருக்கலாம். தைராய்டு குறைவும் வைட்டமின் பி12 குறைவும்கூட இதே முகத்தோடு வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

"ஆண்டவர் எடுத்துக்கிட மாட்டேங்காரே" என்பது வயதானவர்களின் வாயில் சாதாரணமாக வரும் சொல். பலருக்கு அது அலுப்பு, சிலருக்கு ஆயத்தம். சிலருக்கு மட்டும் அதற்கு அடியில் வேறு ஒன்று இருக்கும். அதைத் தெரிந்துகொள்ள நேராகக் கேட்பதைத் தவிர வழியில்லை: "நீங்களே ஏதாச்சும் பண்ணிக்கிடலாம்னு தோணுதா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்ற பயம் தேவையில்லை. கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "ஆமா" என்று பதில் வந்தால் அவரைத் தனியாக விட்டுவிட்டு வரக் கூடாது. வீட்டில் இருக்கும் பூச்சிமருந்து, சேர்த்து வைத்த தூக்கமாத்திரை இரண்டையும் அன்றைக்கே அப்புறப்படுத்தச் சொல்ல வேண்டும். 14416 என்ற, அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. முடிந்தால் குருவோ சிஸ்டரோ முதல் தடவை கூடவே போக வேண்டும். "டாக்டரைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தால் பத்தில் எட்டுப் பேர் போக மாட்டார்கள் என்றுதான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ரகசியம் காப்பதில் ஒரு முடிச்சு உண்டு. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை யாரிடமும் சொல்ல முடியாது. ஆனால் காபி ஆறிக்கொண்டிருக்கும்போது கட்டிலோரம் கேட்டது அந்த ரகசிய விதிக்குள் வராது. "இத டாக்டர்கிட்ட நான் சொல்லட்டுமா?" என்று அனுமதி கேட்டுக்கொள்ளலாம். பாவசங்கீர்த்தனத்திலேயே சொன்னாலும், "இதையே வெளிய வந்து என்கிட்ட ஒரு தடவ பேசுங்க" என்று சொல்ல முடியும். மகன் பங்குப் பேரவையில் இருக்கிறார், பாட்டியோ அதே மகன் அடிக்கிறான் என்கிறார் என்றால் சமாதானம் பேசி அனுப்புவதோடு நிறுத்தக் கூடாது. 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டத்தின்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணும் இருக்கிறது. குடும்ப மானம் போய்விடும் என்று குருவே பேசாமல் இருந்துவிட்டால் அந்தப் பாட்டிக்கு அப்புறம் யாரும் இல்லை. காணிக்கை விஷயத்திலும் கண் வேண்டும். மனம் தளர்ந்த நேரத்தில் முதியவர் நகையையோ நிலத்தையோ சபைக்கு எழுதித் தருகிறேன் என்றால் அதை வாங்காமல் தள்ளிப்போடுவதுதான் நல்ல மேய்ப்பனுக்கு அழகு.

அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இதே வீடுகளுக்குத்தான் போகிறது. பிபி, சுகர் மாத்திரைகளோடு ஊர்ப் பெண் தன்னார்வலர் கதவைத் தட்டுகிறார். சாமியாரும் அவரும் ஒரே தெருவில் ஒரே பாட்டியைப் பார்த்துவிட்டு, ஒருவருக்கொருவர் பேசாமலே போகிறார்கள். இரண்டு பேரும் மாதத்துக்கு ஒரு தடவை போனில் பேசிக்கொண்டாலே எத்தனையோ பேர் முன்கூட்டியே மருத்துவரிடம் போய்ச் சேர்வார்கள். இதற்குப் புதுத் திட்டம் ஒன்றும் வேண்டாம்.

கடைசியாக, யாரும் கவனிக்காத ஒன்று. கத்தோலிக்கப் பங்குகளிலும் சேகரங்களிலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குருவானவருக்கு மாற்றல் வரும். ஊர் கூடி வழியனுப்பு விழா நடத்தும், மாலை போடும். நடக்க முடியாமல் வீட்டில் கிடக்கும் முதியவருக்கு அது இன்னொரு பிரிவு. தன் கதையெல்லாம் தெரிந்த ஒரே ஆள் போய்விட்டார், புது ஆளிடம் எங்கிருந்து தொடங்குவது? புதியவர் கைக்கு ஞானஸ்நானப் பதிவேடு வருகிறது, திருமணப் பதிவேடு வருகிறது, கணக்கு வழக்கு வருகிறது. வீட்டில் நற்கருணை வாங்கும் நோயாளிகளின் பட்டியலும் பெயரும் தெருவுமாக வருகிறது. அந்தப் பட்டியலில், சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு, பெயருக்கு எதிரே இன்னும் சிலவற்றைக் குறித்துவைக்கலாம்: துணைவர் இறந்த தேதி, இப்போது பார்க்கும் மருத்துவர், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர் யார், தூக்கம் எப்படி. பழைய குரு கிளம்புவதற்கு முந்தைய முதல் வெள்ளியில் புதியவரையும் கூட்டிக்கொண்டு அந்த வீடுகளுக்கெல்லாம் ஒரு சுற்றுப் போய் வரலாம்.